வெட்டிவிட்ட துண்டு

குட்மேய்ஸ்
9 நவம்பர் 2024

தம்பி பாலேந்திராவுக்கு,

கலா அக்கா எழுதுகிறேன். தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு உமக்குக் குரல் வருவதில்லை என்று உம்முடைய மகன் அர்ஜுன் சொன்னான். ஃபோனில் நான் மட்டும் கதைத்து, நீர் மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் இந்த வயதில் பேனையைத் தூக்கியிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசியும்.

அவரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

ஓம், நிர்மலாவின் அப்பாவைத்தான். நிர்மலா வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், ஒரு படக் கண்காட்சி நடக்கிறது. உயரக் கட்டிடங்களைக் கட்டிய தொழிலாளிகளின் பழைய படங்கள். முதல் அறை முழுக்க அமெரிக்கா. எங்களுடைய பாட்டன்மார் காலத்து ஆட்கள், கட்டிடம் பாதியில் நிற்க, இரும்பில் கால் தொங்கப்போட்டு இருந்து பாண் சாப்பிடுகிறார்கள். அந்தக் கட்டிடங்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். சாப்பிடுகிறவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த அறை லண்டன். ஆற்றங்கரையில் முதல் முதல் எழும்பிய அந்தப் பெரிய கோபுரத்தின் படங்கள். அங்கேதான் பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள்.

படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: “பி. பாலேந்திரா, தொழிலாளி, 1990. அருகில்: பெயர் தெரியாதவர்.”

உம்முடைய பெயரிலும் வேலைக்குக் காட்டுகிற இன்சூரன்ஸ் நம்பரிலும் அந்தக் கட்டிடத்தில் வேலை செய்தது ஆர் என்று இந்த லண்டனில் எனக்கும் உமக்கும் நிர்மலாவுக்கும்தான் தெரியும். அவருக்கு வேலை செய்கிற அனுமதி வரவில்லை, சொந்தமில்லாத நீர், என்னை முகம் காணாத அந்தக் காலத்திலேயே, இங்கே அவரோடு பழகின பழக்கத்துக்கு உம்முடைய பெயரைக் கொடுத்தீர். “இஞ்ச நான் பாலேந்திரா, ஊருக்கு வந்தாத்தான் திரும்ப நான்” என்று எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த உதவியை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லாதது உமக்குத் தெரியும்தானே. இரண்டாயிரத்தில் சண்டைக்குள் ஊரே எழும்பி நடந்தபோது கல்யாண அல்பம் வீட்டோடு போனது. இங்கே அவருடைய அகதிக் கேஸைப் பார்த்த லோயரும், பைலில் இருந்த படத்தோடு கந்தோரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் லண்டனுக்கு வெளிக்கிடும்போது நிர்மலா கைக்குழந்தை. தகப்பனின் முகம் எப்படி என்று கேட்டால் இவ்வளவு காலமும் நான் வாயால் சொல்லித்தான் காட்டினேன். இப்போது விரலால் காட்டலாம்.

தொப்பி நெற்றியை மறைக்கிறது. மீசை அவருடையதுதான். சிரிப்புத்தான் கொஞ்சம் புதிது. இப்படிப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர் இல்லை. லண்டன் சிரிக்க வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே ஒரு பிரதி வாங்கி, இல்ஃபோர்டில் பிரேம் போட்டோம். பக்கத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, படத்தைக் கெடுக்கிற மாதிரிக் குந்திக்கொண்டிருக்கிறான். அவனை வெட்டிவிடச் சொன்னேன். இப்போது அவர் மட்டும் வடிவாக இருக்கிறார். சாமி அறையில் வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டிருக்கிறேன். மாசியில் திவசம் வருகிறது. இந்த முறைதான் வெறும் விளக்குக்கு முன்னால் படைக்காமல் ஒரு முகத்துக்கு முன்னால் படைக்கப் போகிறேன்.

உம்மிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்த மியூசியத்துக்கு ஒரு வரி எழுதும். படத்தில் இருப்பது நான் இல்லை, நவரத்தினம் என்று. உம்முடைய கையெழுத்து இருந்தால் பெயரை மாற்றுவார்களாம்.

அன்புடன்
கலா அக்கா


ஆர்ச்வே
20 நவம்பர் 2024

அன்புள்ள கலா அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத் தொடங்கிப் பிறகு யோசித்தேன், நலம் என்று எப்படிச் சொல்கிறது? தொண்டையில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, அதில் எழுதித்தான் தேத்தண்ணீர் கேட்கிறேன். சீனி போட வேண்டாம் என்று எழுதுவதற்குள் மகன் போட்டுவிடுகிறான். முருகன் கோயிலுக்கு மேட்டில் ஏற முந்தி மாதிரி ஏலாது. பாதியில் பஸ் தரிப்பில் இருந்து களைப்பாறித்தான் போகிறேன்.

உங்களுடைய கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். நீங்கள் இவ்வளவு சந்தோசமாக எழுதி நான் கண்டதில்லை. நிர்மலா பிள்ளைக்கும் சந்தோசம் என்று விளங்குகிறது.

பெயரை மாற்றுகிற விஷயம். அக்கா, அது இப்போதைக்கு வேண்டாமே. அந்தக் காலத்துக் கதைகளைக் கிளறினால் எங்கே போய் முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவருடைய பெயரில் இன்னொருவர் வேலை செய்தது இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. நான் சிற்றிசன் எடுத்து எவ்வளவோ காலம், ஆனாலும் குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸ் என்று ஒரு கவரைக் கண்டால் இன்றைக்கும் உடனே உடைக்க மாட்டேன். கண்காட்சி இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும். கீழே என்ன பெயர் கிடந்தால் என்ன?

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம். அந்த மாலையைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்க ஏலாதா? மற்றது, அந்த வெட்டின துண்டு. பிரேம் கடைக்காரனிடம் இருந்தால் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கோ.

இப்படிக்கு
தம்பி பாலேந்திரா


குட்மேய்ஸ்
5 டிசம்பர் 2024

திரு. பாலேந்திரா அவர்களுக்கு,

உங்களுடைய கடிதம் கிடைத்தது. கவனியுங்கள், ‘நீங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். ‘நீர்’ என்று எழுதுகிற உரிமை எனக்கு இருக்கிறது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

கணவனின் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஆரோ ஒரு முதுகை வெட்டின துண்டு எங்கே என்று விசாரிக்கிறீர்கள்! அது இல்ஃபோர்ட் குப்பையில் போய்ச் சேர்ந்திருக்கும். தேடிப் போக விருப்பம் என்றால் போய்ப் பாருங்கள். மாலையைக் கழற்றவாம். செத்தவருக்கு மனைவி மாலை போட உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

ஏன் உங்களுக்கு மனமில்லை என்று எனக்கு இப்போது விளங்குகிறது. போன வெள்ளிக்கிழமை உங்களுடைய கோயிலுக்குப் போன ஒரு ஆள் வந்து சொன்னா. உங்கள் மகன் அர்ஜுன் அந்தப் படத்தை ஃபோனில் வைத்து எல்லாருக்கும் காட்டுகிறானாம். “இது எங்கட அப்பா, அந்த டவரைக் கட்டினவர்” என்கிறானாம். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறீர்களாம். குரல் போனாலும் தலை நன்றாக ஆடுகிறது போல.

பெயரை இரவல் கொடுத்த ஆள், இப்போது முகத்தை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். அவர் குளிரில் ஏறி நின்ற இடத்தில் இப்போது நீங்கள் ஏறி நிற்கிறீர்கள், அந்த நேரம் பெற்றோல் ஷெட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்ற ஆள். எனக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டு வருகிறது. உங்களுக்கு மகன் இருக்கிறான், வீடு இருக்கிறது, அல்பம் அல்பமாகப் படம் இருக்கிறது. எங்களுக்கு இந்த ஒன்றுதான். அதையுமா?

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தை மாதக் கடைசியில், படத்தில் உள்ளவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு அங்கே ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்கள். நிர்மலா பெயர் கொடுத்திருக்கிறாள். எல்லாருக்கும் முன்னால் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, இது என்னுடைய அப்பா என்று சொல்லப் போகிறாள். நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

இனிக் கடிதம் வேண்டாம்.

திருமதி கலாவதி நவரத்தினம்


ஆர்ச்வே
11 டிசம்பர் 2024

கலா அக்கா,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் வாசித்துவிட்டுப் பிறகு கிழித்தெறியுங்கோ. பிள்ளை மேடையில் ஏறுவதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். அவள் ஏறாமல் இருந்தால் நான் சாகும்வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் என்னை என்னவும் நினைத்திருக்கலாம், அந்தப் படம் உங்களுக்குக் கொடுத்த ஆறுதல் அப்படியே இருந்திருக்கும்.

அந்தப் படத்தில் சிரிக்கிறவன் நான்தான்.

பெற்றோல் ஷெட் வேலை அந்த ஆவணியோடு போனது. அதை நவரத்தினம் அண்ணை உங்களுக்கு எழுதவில்லைப் போல. நீங்கள் யோசிப்பீர்கள் என்று விட்டிருப்பார். நானும் அதே கட்டிடத்துக்கு வந்தேன், வேறு கொன்ராக்டரிடம். அண்ணை இரும்பு இழுக்கிற கூட்டத்தில், நான் கூட்டித் துப்பரவாக்குகிற கூட்டத்தில். அவரும் பாலேந்திரா, நானும் பாலேந்திரா. ஒரே பிறந்த திகதி, ஒரே நம்பர். மேலே ஒரு பாலேந்திரா, கீழே ஒரு பாலேந்திரா. அந்த நாளில் ஆர் பார்த்தது? கூலியைக் காசாகக் கையில் தருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நான் களவாக மேலே ஏறிப் போவேன். அண்ணை காலையில் சமைத்துக் கொண்டுவருகிற சோற்றை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிடுவோம். உறைப்பு அதிகம். அந்த உயரத்தில் விக்கல் எடுத்தால் தண்ணீருக்கு இறங்க ஏலாது, அதற்கும் அவர் ஒரு பகிடி சொல்லுவார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரி வந்தா, கழுத்தில் இரண்டு கமெரா. அமெரிக்காக்காரர் முந்தி எடுத்த மாதிரி, இரும்பில் இருந்து சாப்பிடுகிற ஆட்களை எடுக்க வேண்டுமாம். நல்ல மனிசி. எடுக்கிற ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதிக்கொண்டுதான் வந்தா. பெயரில்லாமல் தான் ஒருவரையும் எடுப்பதில்லை என்று சொன்னா. பக்கத்தில் ஃபோர்மன் நிற்கிறான். இரண்டு பாலேந்திரா ஒரு படத்தில் இருக்க ஏலாதே!

அண்ணை சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “நீ பாலேந்திரா எண்டு சொல்லு. நான் இண்டைக்கு ஒருத்தரும் இல்லை.” சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கமாகத் திரும்பி இருந்துவிட்டார். முகம் காட்டாத ஆளிடம் அவ பெயர் கேட்கவில்லை.

அதைக் கேட்டுத்தான் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் அவ படத்தை எடுத்தா. நீங்கள் எழுதினீர்களே, இப்படிச் சிரிக்கிறவர் இல்லை என்று. அவர் சிரிக்கிறவர் இல்லைத்தான் அக்கா, மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறவர்.

நீங்கள் வெட்டிவிடச் சொன்னது அண்ணையை. அந்த வரியை வாசித்தபோது என்னால் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். இதை எப்படி உங்களுக்குச் சொல்கிறது? அதனால்தான் ஹோம் ஒபிஸ், அது இது என்று சாட்டு எழுதினேன். மாலையைக் கழற்றச் சொன்னதும் எனக்குப் பயத்தில் இல்லை. உயிரோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டு உங்களுடைய கையால் அவருக்குப் படைக்கப் போகிறீர்களே என்றுதான்.

அர்ஜுன் காட்டித் திரிந்தது உண்மை. அவனுக்கு இது ஒன்றும் தெரியாது. நான் தலையாட்டினதும் உண்மை. என்னுடைய படம்தானே அக்கா.

இன்னும் ஒன்று. அந்த மாசியில் அண்ணைக்கு நெஞ்சுச் சளி. டொக்டரிடம் போவோம் என்று நான் கெஞ்சினேன். “எந்தப் பேரில போறது?” என்று கேட்டார். உன்னுடைய பெயரில் போய் நெஞ்சு வருத்தம் என்று எழுதினால் உனக்குப் பிறகு வேலை தரமாட்டார்கள் என்று எனக்குத்தான் யோசித்தார். கடைசியில் மூச்சு விட ஏலாமல் போனபோது நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் பெயர் கேட்டார்கள். நான் நவரத்தினம் என்று கத்திச் சொன்னேன். லண்டனில் அவருடைய பெயரை ஒருவர் உரத்துச் சொன்னது அதுதான் முதல் தரம்.

இனி எந்த ஒபிசுக்கும் நான் பயப்படவில்லை. மியூசியத்துக்கு இன்றைக்கே எழுதுகிறேன். அந்த முதுகுக்குப் பெயர் இருக்கிறது என்று.

மன்னித்துக்கொள்ளுங்கோ என்று கேட்கவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும்.

பாலேந்திரா


குட்மேய்ஸ்
18 டிசம்பர் 2024

வாசித்தேன்.

இப்போது என்னால் எழுத ஏலாது. சமைக்கவும் ஏலாது. நிர்மலாதான் வந்து நிற்கிறாள்.

படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

க.


ஆர்ச்வே
8 ஜனவரி 2025

அக்கா,

வேறு ஒன்றும் இல்லை. மியூசியத்துக்காரர் பதில் போட்டிருக்கிறார்கள். நான் எழுதினதை நம்புகிறார்களாம், குடும்பத்து ஆட்களும் படத்தைப் பார்த்து ஓம் என்று சொன்னால் பெயரைப் போடுவார்களாம். முகம் தெரியாத ஆளை எப்படி அடையாளம் சொல்கிறது என்று அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். அதை உங்களிடம் விடுகிறேன்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களோ என்று நிர்மலாவிடம் கேட்டு அர்ஜுன் சொன்னான். கொஞ்சம் சாப்பிடுகிறீர்களாம். அது போதும்.

தம்பி


குட்மேய்ஸ்
6 பெப்ரவரி 2025

தம்பி பாலேந்திரா,

திரும்ப நீர் என்றுதான் எழுதப் போகிறேன். மற்றது எனக்கு வாயில் வராது.

இவ்வளவு நாளும் உம்மில் கோபமாக இருந்தேன். பிறகு பிரேம் போட்ட கடைக்காரனில் கோபம், நான் சொன்னதைத்தானே அந்த மனிசன் செய்தான். பிறகு அவரில் கோபம். ஒரு நிமிசம் திரும்பியிருந்தால் என்ன? ஒரு ‘கிளிக்’ தானே, பெயரைப் பிறகு என்னவும் சொல்லியிருக்கலாமே என்று சாமி அறையில் நின்று சண்டை பிடித்தேன். நிர்மலா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள்.

குடும்பங்களைக் கூப்பிட்ட நாளில் நானும் போனேன். போகவே மாட்டேன் என்றுதான் இருந்தேன், பிள்ளை தனியாக நிற்பாளே என்று வெளிக்கிட்டேன். நீர் வந்து ஒரு மூலையில் நின்றதைக் கண்டேன். நான் கண்டதும் உமக்குத் தெரியும். கிட்ட வராமல் விட்டதற்கு நன்றி, அன்றைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பெரிய படம், சுவர் அளவு. முதல் வாங்கின பிரதியில் நான் அந்த முதுகை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, வெட்டிவிடுகிற ஆளை ஆர் பார்க்கிறது. அங்கே கிட்டப் போய் நின்று பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சேட்டின் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. எத்தனை தரம் அதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறார்! கழுத்தில் தலைமயிர் வெட்டின இடம் சுழித்துக்கொண்டு நிற்கிறது.

அந்த மியூசியப் பிள்ளை மரியாதையாகக் கேட்டாள், இவர்தான் என்று எப்படித் தெரியும் என்று. நிர்மலா என்னைப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, கல்யாணம் கட்டின நாள் தொடக்கம் ‘இஞ்சாருங்கோ’தான். அன்றைக்குச் சொன்னேன். நவரத்தினம், என்னுடைய புருசன், கொடிகாமம் என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். என்னுடைய சத்தத்துக்கு அறையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுதிக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நிர்மலா மேடையில் நன்றாகக் கதைத்தாள். தகப்பனின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று இப்போது தெரியும் என்று சொன்னாள். நீர் கேட்டீர்தானே, நீர் அழுததையும் கண்டேன்.

புதுப் பிரதி வாங்கினோம். திவசத்துக்கு வைக்க வேண்டும், ஆனால் நீர் உயிரோடு பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறீர், ஐயர் என்ன சொல்வார். கடைக்காரன் கத்தியை எடுத்துக்கொண்டு, “முந்தி மாதிரி வெட்டவோ ஆன்ரி?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உம்மை மடித்துப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை வெட்ட எனக்கு மனமில்லை. பொட்டு வைக்கத்தான் இடம் தெரியாமல் நின்றேன், நெற்றி இல்லையே. தொப்பியின் பின்பக்கத்தில் வைத்தேன். மாலை சரியாகத் தோளில் விழுகிறது.

திவசத்துக்கு வாரும். அர்ஜுனையும் கூட்டிக்கொண்டு வாரும். கதைக்கத் தேவையில்லை, உமக்கு உறைப்பில்லாமல் தனியாக வைக்கிறேன். உம்முடைய பலகையையும் கொண்டுவாரும், அவர் அங்கே என்ன கதைத்தார், என்ன சமைத்தார் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

அந்த மியூசியப் பிள்ளைக்குச் சொல்லாத பதிலை உமக்குச் சொல்கிறேன். நான் அவரைக் கடைசியாகக் கண்டது கொடிகாமம் சந்தியில், கொழும்பு பஸ்ஸுக்கு நடந்து போகும்போது. கைக்குழந்தையோடு நான் நிற்கிறேன். பயணம் போகிற ஆள் திரும்பிப் பார்த்தால் காரியம் சரிவராது என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். நான்தான் சொல்லி அனுப்பினேன், “திரும்பிப் பாக்காமல் போங்கோ” என்று. அவர் அப்படியே போனார். வலது தோள் இறங்கி, சேட் ஒரு பக்கம் வெளியே. பஸ் ஏறும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த உலகத்தில் எனக்கு மிகவும் நன்றாகத் தெரிந்தது அந்த முதுகுதான் தம்பி. அதைத்தான் வெட்டிவிடச் சொன்னேன்.

அவர் நான் சொன்ன சொல்லைக் கேட்டிருக்கிறார். அவ்வளவு உயரத்தில் இருந்தும் அந்த மனிசன் திரும்பிப் பார்க்கவில்லை.

கலா அக்கா